யாரிடம் எந்தச் சாவி?

(கிளப் ஹவுஸில் நடந்த காலாண்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாத பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



செயலாளர் என்னிடம், "பாஸ்வேர்டு பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க சார், போதும்" என்றார். பத்து நிமிடத்தில் முடியாது, இருபது ஆகும். பின்னால் காபி ஆறிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கும் தெரியும். அதற்கு மேல் போகமாட்டேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று லிஃப்டில் பல பேர் கேட்டிருக்கிறீர்கள். "கம்ப்யூட்டர்" என்று சொல்லி நழுவியிருக்கிறேன். இன்று சரியாகச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் கிளவுடில், யார் உள்ளே வரலாம், வந்தவர் எந்த அறை வரை போகலாம் என்று பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருக்கிறேன். ஆங்கிலத்தில் பெரிய பெயர் உண்டு. தமிழில் அடையாள மேலாண்மை என்று சொல்லலாம். நம் மெயின் கேட் வேலைதான், கம்ப்யூட்டருக்குள்.

முதலில் நம் வீட்டுக் கதை ஒன்று. உங்களுக்கும் தெரிந்ததுதான்.

சில மாதங்களுக்கு முன் பி பிளாக் பார்க்கிங்கில் ஒரு காரின் கதவு நெளிந்துபோனது. கேமராப் பதிவைப் பார்க்கப் போனோம். அந்த இரவில் மூன்று மணி நேரப் பதிவு இல்லை. யாரோ அழித்திருந்தார்கள். யார் என்று பார்க்க மென்பொருளின் பதிவேட்டைத் திறந்தோம். அதில் இருந்தது ஒரே சொல்: அட்மின்.

அந்த அட்மின் பாஸ்வேர்டு யார் யாரிடம் இருந்தது என்று எண்ணினோம். நிர்வாகக் குழுவில் மூன்று பேர். எஸ்டேட் மேனேஜர். அவருக்கு முன்பு இருந்த மேனேஜர். கேமரா பொருத்தியவர். இரவு ஷிஃப்ட் கார்டுகள் நான்கு பேர். மொத்தம் பத்து. கேமரா அறையில் மானிட்டருக்குக் கீழே ஒரு சீட்டிலும் எழுதி ஒட்டியிருந்தது என்பதால், பத்துக்கு மேலும் இருக்கலாம்.

கடைசியில் என்ன நடந்தது? அன்றிரவு பணியில் இருந்த கார்டை மாற்றச் சொல்லி ஏஜென்சிக்குச் சொன்னோம். மூன்று வருடம் நம்மோடு இருந்தவர். அவர்தான் அழித்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அவர் அழிக்கவில்லை என்பதற்கும் ஆதாரம் கிடையாது. அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருவன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் இதே தவறு நடக்காமல் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆபீசில் அதைச் செய்துவிட்டு, வீட்டில் சீட்டில் எழுதி ஒட்டிய பாஸ்வேர்டை நானும்தான் பயன்படுத்தினேன். அதனால் ஆபீசில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். அதிலிருந்து நமக்கு எது தேவை என்று கடைசியில் பார்ப்போம்.

கிளவுடின் மெயின் கேட்

கிளவுட் என்றால் வானத்தில் எதுவும் இல்லை. ஏதோ ஓர் ஊரில் ஏசி போட்ட கட்டடத்தில் அடுக்கிவைத்த கம்ப்யூட்டர்கள். அதைப் பலர் பங்குபோட்டுப் பயன்படுத்துகிறார்கள். நம் அடுக்குமாடி மாதிரியே: கட்டடம் ஒன்று, வீடுகள் தனித்தனி.

இப்படி ஒரு கிளவுடை நாமே அமைக்க உதவும் திறந்த மூல மென்பொருள் ஒன்று இருக்கிறது. பெயர் ஓப்பன்ஸ்டாக். 2010இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவும் ரேக்ஸ்பேஸ் என்ற நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. ஜெனீவா அருகே இருக்கும் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகம் 2013 முதல் தன் வேலைகளுக்கு இதை ஓட்டுகிறது. நான் அன்றாடம் கையாள்வதும் இதுதான்.

ஓப்பன்ஸ்டாக்கில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிச் சேவை உண்டு. கம்ப்யூட்டர் ஒதுக்க நோவா, நெட்வொர்க்குக்கு நியூட்ரான், டிஸ்க் கொடுக்க சிண்டர். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் வாசலின் பெயர் கீஸ்டோன். கல் வளைவின் உச்சியில் நடுவே வைக்கும் கல்லுக்கு அந்தப் பெயர். அதை எடுத்தால் வளைவு இறங்கிவிடும். பெயர் பொருத்தமானது. கீஸ்டோன் நின்றுபோனால் மற்ற சேவைகள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் யாரும் புதிதாக உள்ளே போக முடியாது.

நீங்கள் கீஸ்டோனிடம் பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்கிறீர்கள். அது சரிபார்த்து ஒரு டோக்கன் தருகிறது. அதன் பிறகு நோவாவிடம் போனாலும் சிண்டரிடம் போனாலும் டோக்கனைத்தான் காட்டுவீர்கள். பாஸ்வேர்டை அவர்களிடம் சொல்லவே வேண்டாம். நம் கேட்டில் விசிட்டருக்குச் சீட்டு கொடுத்து, பிளாக் வாசலில் இருக்கும் கார்டு சீட்டை மட்டும் பார்ப்பது போல.

டோக்கனுக்கு ஆயுள் உண்டு. தனியாக மாற்றாவிட்டால் ஒரு மணி நேரம். யாராவது திருடினாலும் அதற்கு மேல் செல்லாது.

யார், எங்கே, என்ன

கீஸ்டோனை அமைக்கும்போது மூன்று கேள்விக்கு விடை எழுதுகிறோம். இவர் யார்? எந்த இடத்தில்? அங்கே என்ன செய்யலாம்? "யார்" என்பது பயனர். "எங்கே" என்பதைப் புராஜெக்ட் என்போம், ஒரு வீடு மாதிரி. "என்ன" என்பது ரோல், அதாவது பொறுப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அனுமதி. பயனர் கணக்கு மட்டும் இருந்தால் எதுவும் திறக்காது.

2018இல் கீஸ்டோன் மூன்று பொறுப்புகளைத் தானாகவே உருவாக்கித் தரத் தொடங்கியது. பார்க்க மட்டும் முடிந்தவர், வேலை செய்யக் கூடியவர், நிர்வகிக்கக் கூடியவர். நம் கேமராவுக்கும் இந்த மூன்றே போதும். இரவு கார்டு நேரலையைப் பார்க்க வேண்டும். அழிக்கும் அதிகாரம் அவருக்கு எதற்கு? எனக்குத்தான் எதற்கு?

அதிகாரத்தை அளந்து கொடுப்பது நினைக்கும் அளவுக்குச் சுலபம் இல்லை. ஓப்பன்ஸ்டாக்கிலேயே ஒரு பழைய பிழை இருந்தது. ஒருவருக்கு ஏதோ ஒரு புராஜெக்டில் மட்டும் அட்மின் பொறுப்பு கொடுத்தால், அவர் கிளவுட் முழுவதற்கும் அட்மின் ஆகிவிடுவார். ஏ பிளாக் மாடிச் சாவியைக் கொடுத்தால் எல்லா பிளாக் மாடியும் திறந்த மாதிரி. 2012இல் இதைப் பிழை என்று பதிவு செய்தார்கள். ஒவ்வொரு சேவையாகத் திருத்தப் பல வருடங்கள் ஆயின. அதுவரை எங்களைப் போன்றவர்கள் செய்த ஒரே காரியம், அட்மின் பொறுப்பை யாருக்கும் லேசில் கொடுக்காமல் இருந்ததுதான்.

இன்னொன்று. புதிதாகக் கீஸ்டோன் நிறுவும்போது உள்ளே பயனரே கிடையாது. முதல் ஆளை யார் உள்ளே விடுவது? அந்தக் காலத்தில் இதற்காக அமைப்புக் கோப்பில் ஒரு ரகசியச் சொல்லை எழுதிவைப்போம். அதை வைத்திருப்பவர் பெயர் எதுவும் சொல்லாமல் எதையும் செய்யலாம். முதல் அட்மினை உருவாக்கியதும் அந்த வரியை நீக்கிவிட வேண்டும் என்று கையேடே சொல்லும். மறந்தவர்கள் உண்டு. பிற்பாடு முதல் அட்மினை உருவாக்க ஒரு தனிக் கட்டளை கொண்டுவந்தார்கள்.

பில்டர் நமக்குக் கட்டடத்தை ஒப்படைத்த நாளை நினைத்துப் பாருங்கள். மோட்டார் ரூம், எலெக்ட்ரிகல் ரூம், மாடிக் கதவு எல்லாச் சாவியும் வாங்கினோம். பூட்டை மாற்றினோமா?

நான் செய்த தவறு

மற்றவர் தவறையே சொல்லிக்கொண்டிருந்தால் நியாயம் இல்லை. என்னுடையதையும் சொல்கிறேன்.

முன்பெல்லாம் கீஸ்டோன் கொடுத்த ஒவ்வொரு டோக்கனையும் டேட்டாபேஸில் எழுதிவைக்கும். கேட்டில் விசிட்டர் நோட்டு எழுதுகிறோமே, அது போல. நோட்டு சேர்ந்துகொண்டே போகும். காலாவதியானதை அவ்வப்போது துடைக்காவிட்டால் தேடவே நேரமாகும். 2015இல் ஃபெர்னெட் என்ற புது வகை டோக்கன் வந்தது. இதில் நோட்டே கிடையாது. யார், எங்கே, எத்தனை மணி வரை என்பதைப் பூட்டி, டோக்கனுக்குள்ளேயே வைத்துவிடும். திறந்து பார்க்கும் சாவி கீஸ்டோனிடம் மட்டும் இருக்கும்.

அப்படியானால் அந்தச் சாவிதான் எல்லாம். அது வெளியே போனால் யார் வேண்டுமானாலும் போலி டோக்கன் செய்யலாம். அதனால் அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். மாற்றும்போது, உள்ளே இருப்பவர்களின் டோக்கன் செல்லாமல் போகவும் கூடாது.

இதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். சாவிகளுக்கு எண்தான் பெயர். பெரிய எண் உள்ள சாவி இன்றைய சாவி, புது டோக்கன்களைப் பூட்டுவது. அதற்குக் கீழே உள்ளவை நேற்றைய சாவிகள், பழைய டோக்கன்களைத் திறக்க மட்டும். 0 என்ற எண்ணில் இருப்பது நாளைய சாவி. மாற்றும் கட்டளையைக் கொடுத்தால், 0 சாவி பெரிய எண்ணைப் பெற்று இன்றைய சாவி ஆகும். பழைய இன்றைய சாவி நேற்றைய சாவி ஆகும். மிகப் பழையது அழியும். புதிதாக ஒரு 0 பிறக்கும்.

நாளைய சாவி ஏன் இன்றே இருக்க வேண்டும்? பெரிய கிளவுடில் கீஸ்டோன் ஒரே சர்வரில் ஓடாது. எங்களிடம் மூன்று. ஒரு சர்வர் புதுச் சாவியால் பூட்டிய டோக்கனை இன்னொரு சர்வர் திறக்க வேண்டும். ஆகவே பூட்டத் தொடங்கும் முன்பே அந்தச் சாவி மூன்று இடத்திலும் இருக்க வேண்டும். ஒரு சர்வரில் மட்டும் மாற்றி, மற்ற இரண்டுக்கும் நகல் அனுப்ப வேண்டும் என்பது விதி.

நான் என்ன செய்தேன்? மூன்று சர்வரிலும் தனித்தனியாக, ஞாயிறு அதிகாலை தானாக ஓடும்படி கட்டளையைப் போட்டேன். நகல் அனுப்பும் வேலை மிச்சம் என்று நினைத்தேன்.

முதல் ஞாயிறு ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் அன்று இன்றைய சாவியாக மாறிய 0, மூன்று சர்வரிலும் ஒன்றுதான். ஆனால் புதிதாகப் பிறந்த 0 மூன்றிலும் வேறு வேறு. அது எனக்குத் தெரியவில்லை. எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது ஞாயிறு அந்த மூன்று வேறு சாவிகளும் இன்றைய சாவி ஆயின. திங்கள் காலை போன் மேல் போன். "உள்ளே போக முடிகிறது, அடுத்த நொடி வெளியே தள்ளுகிறது, மறுபடி முயன்றால் போகிறது." ஒரு சர்வர் தந்த டோக்கனை அதே சர்வர் மட்டும் ஏற்றுக்கொண்டது. மற்ற இரண்டும் திருப்பி அனுப்பின. நேற்று மாற்றிய ஏதோ ஒன்றில்தான் பிழை என்று நாங்கள் தேடினோம். நான் செய்த தவறுக்கு ஒரு வாரம் வயதாகியிருந்தது. கண்டுபிடிக்க மதியம் ஆகிவிட்டது. சரிசெய்யச் சில நிமிடம்தான் ஆயிற்று: ஒரு சர்வரின் சாவிகளை மற்ற இரண்டுக்கும் நகல் எடுத்தோம்.

அன்று என்னைக் காப்பாற்றியது பதிவேடு. எந்தச் சர்வரில், எந்த நேரத்தில், யாருடைய கணக்கிலிருந்து அந்தக் கட்டளை போடப்பட்டது என்று அதில் இருந்தது. என் பெயர்தான். எழுந்து நின்று, "நான்தான்" என்றேன். திட்டு வாங்கினேன். ஆனால் முந்தின வாரம் இரவு ஷிஃப்டில் இருந்த பயிற்சி இளைஞரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பதிவேட்டில் "அட்மின்" என்று மட்டும் இருந்திருந்தால், முதலில் அவரைத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். தனித்தனி கணக்கு கேட்டால், "எங்களை நம்பவில்லையா?" என்று சிலருக்குக் கோபம் வருகிறது. அது திருடனைப் பிடிக்க மட்டும் என்று நினைக்கிறோம். தவறு செய்யாதவர் தன் பெயரைக் காட்டித் தப்பிக்கவும் அதுதான் வழி. பொதுச் சாவி வைத்திருக்கும் இடத்தில் பழி எப்போதும் கீழே இருப்பவர் மேல்தான் விழும்.

நமக்கு என்ன தேவை

நமக்குக் கீஸ்டோன் வேண்டாம். சர்வர் வேண்டாம். ஒரு நோட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

முதலாவது, பட்டியல். சங்கத்தின் பெயரில் எத்தனை கணக்குகள் உள்ளன? கேமரா, விசிட்டர் ஆப், வங்கி இணையக் கணக்கு, மின் கட்டணம், மெயில், இந்தச் செய்தி மடல், வாட்ஸ்அப் குழுவின் அட்மின். ஒவ்வொன்றும் யார் பெயரில், ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது? முந்தைய பொருளாளர் மகள் வீட்டுக்கு வெளிநாடு போய்விட்டார். ஒரு கணக்கின் ஓடிபி இன்னும் அவருக்குத்தான் போகிறது. நள்ளிரவில் அவரை எழுப்பிக் கேட்கிறோம். அவரும் பொறுமையாகச் சொல்கிறார்.

இரண்டாவது, சங்கத்துக்கென்று ஒரு மெயில், ஒரு போன் எண். பொறுப்பு மாறும்போது அந்த சிம்மும் கைமாற வேண்டும். அதை மீட்கும் வழி இரண்டு நிர்வாகிகளிடம் இருக்கட்டும். ஒருவரிடம் மட்டும் இருப்பது ஆபத்து, பத்துப் பேரிடம் இருப்பதும் ஆபத்து.

மூன்றாவது, கேமராவிலும் விசிட்டர் ஆப்பிலும் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. கார்டுகளுக்கும்தான். பார்ப்பவர் பார்க்கட்டும். அழிக்கும் உரிமை இரண்டே பேருக்கு. ஒட்டியிருக்கும் சீட்டை இன்றே கிழிப்போம்.

நான்காவது, திரும்ப வாங்குவது. சாவி கொடுக்கும்போது எல்லோரும் நினைவாகக் கொடுக்கிறோம், வாங்க மறந்துவிடுகிறோம். மேனேஜர் வேலையை விடும் நாளில், கணக்கு முடிக்கும் தாளிலேயே "கணக்குகள் மூடப்பட்டன" என்று ஒரு வரி சேர்ப்போம். ஆனால் மூடும் முன் ஒன்று பார்க்க வேண்டும். அவர் கணக்கை நம்பி ஏதாவது தானாக ஓடிக்கொண்டிருக்கிறதா? கீஸ்டோனில் ஒருவர் தன் புரோகிராம்களுக்காக உருவாக்கிய அனுமதிச் சீட்டுகள், அவர் கணக்கை நீக்கிய உடனே செல்லாமல் போகும். அதை நம்பி ஓடிய பேக்கப் நின்றுவிடும், தேவைப்படும் நாள் வரை யாருக்கும் தெரியாது.

ஐந்தாவது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பட்டியலைப் படித்துப் பார்ப்பது. இந்த மடல் வெளியாகும் போதெல்லாம் செய்தால் மறக்காது.

இந்த ஐந்தையும் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வைக்கும்படி நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பட்டியல் எடுக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலையை நானே செய்கிறேன்.

கூடவே ஒரு வேண்டுகோள். அந்தக் கார்டு அண்ணனை ஏஜென்சி வேறொரு குடியிருப்பில் போட்டிருக்கிறது. ஆதாரம் இல்லாமல் மாற்றச் சொன்னோம், அவர் மேல் எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை என்று சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அது அவர் பதிவேட்டில் இருக்கட்டும். அவர் திரும்பி வர விரும்பினால் வரட்டும். விரும்பாவிட்டாலும் கடிதம் போகட்டும்.



கேள்வி நேரத்தில்

*பாஸ்வேர்டை மாதா மாதம் மாற்ற வேண்டுமா?*

டி பிளாக் மாமி கேட்டார். தேவையில்லை. கீஸ்டோனின் சாவி போன்றவற்றை இயந்திரம் மாற்றிக்கொள்ளும், அதற்குச் சலிப்பு வராது. மனிதர்களை அடிக்கடி மாற்றச் சொன்னால் பழைய பாஸ்வேர்டின் கடைசியில் ஒன்று, இரண்டு என்று சேர்ப்பார்கள், அல்லது எழுதி ஒட்டுவார்கள். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, காரணம் இல்லாமல் குறிப்பிட்ட நாளுக்கொரு முறை மாற்றச் சொல்லாதீர்கள் என்றது. நீளமாக ஒன்று வையுங்கள். வேறு எங்கும் அதையே போடாதீர்கள். வெளியே தெரிந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் உடனே மாற்றுங்கள். கேமரா பாஸ்வேர்டு அந்த வகையில் சேரும்.

*தனிக் கணக்கு வைத்தாலும், கார்டுகள் ஒருவர் பாஸ்வேர்டை ஒருவருக்குச் சொல்லிக்கொள்ள மாட்டார்களா?*

சொல்லிக்கொள்ளலாம். நிர்வாகக் குழுவும் சொல்லிக்கொள்ளும், நானும் சொல்லியிருக்கிறேன். ஷிஃப்ட் மாறும்போது வெளியேறி, அடுத்தவர் தன் பெயரில் நுழைய அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் அவர்களுக்கே பாதுகாப்பு என்று உட்கார்ந்து விளக்கினால் புரிந்துகொள்வார்கள். விளக்க நான் வருகிறேன், இரவு ஷிஃப்டுக்கும்.